மின் இயந்திரப் படிப்பு: கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்போம்!

தோட்டப் பாட்டாளித் தோழர்களே! கிராணிமார் நண்பர்களே!

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த மறு வாரமே நம் வாசலுக்கு வந்து நிற்கிறவர்கள் சிலர் உண்டு. வட்டிக் கடைக்காரர் அல்லர். துணி மூட்டை சுமந்து வரும் வியாபாரியும் அல்லர். கழுத்தில் டை கட்டி, கையில் வழவழப்பான வண்ணத் தாள் ஏந்தி, நாவில் தேன் தடவி வருகிற கல்லூரி ஏஜெண்டுகள் அவர்கள். தோட்டத்து லயத்திற்கும் வருகிறார்கள். தோட்டம் போய் அடுக்குமாடி வந்துவிட்ட ஸ்ரீ கெம்பாங்கான், பூச்சோங், டெங்கில் வட்டாரங்களுக்கும் வருகிறார்கள். கோயில் திருவிழாப் பந்தலின் ஓரத்திலே மேசை போட்டும் உட்காருகிறார்கள்.

அந்த வண்ணத் தாளிலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது என்ன? 'எலக்ட்ரோ மெக்கானிக்கல் என்ஜினியரிங்'. அதாவது மின்சாரமும் இயந்திரமும் சேர்ந்த படிப்பு. "உங்கள் பையன் என்ஜினியர் ஆகிவிடுவான். கைக்காசு ஒன்றும் வேண்டாம். கடனெல்லாம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம். இந்த இடத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார்கள். பால் வாளியைத் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப் போன தகப்பன், தன் பிள்ளையாவது தலை நிமிரட்டும் என்று கையெழுத்துப் போட்டு விடுகிறான். எழுதத் தெரியாத இடத்தை நிரப்பிக் கொடுக்கும் வேலை கிராணிகளாகிய எங்கள் தலையில் விழுகிறது. நாங்கள் நிரப்பும் அந்தப் பாரம், பிற்பாடு பையனின் முதுகில் ஏறும் பாரமாகி விடுகிறது!

இங்கே நம் கட்சியைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். மின் இயந்திரப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டும்; கட்டாயம் வேண்டும். அதன் பெயரால் நடக்கும் வியாபாரம் வேண்டாம். படிப்புக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு கொள்ளும் அறிவு நமக்கு வேண்டும். அந்த அறிவை ஊட்டுவது தொழிற்சங்கத்தின் கடமை. இதுவே நாம் சொல்ல வந்தது.

அது என்ன படிப்பு?

ரப்பர் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. உறைந்த பாலை நசுக்கி ஷீட்டாக்கும் உருளையைச் சுற்றுவது எது? மோட்டார். அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டிவிடுவதும் வெட்டிவிடுவதும் எது? சுவரிலே மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சுகளும் ரிலேக்களும். உருளை இயந்திரத் தொழில். பெட்டி மின்சாரத் தொழில். இரண்டையும் ஒரே ஆள் அறிந்திருப்பதுதான் மின் இயந்திரத் தொழில்.

ஓர் உதாரணம். பெரிய மோட்டார் ஒன்றை நேரடியாக மின்கம்பியில் மாட்டிச் சட்டென்று ஓட்டினால், அது வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்சாரத்தைத் தொடக்கத்திலேயே இழுக்கும். விளக்குகள் மங்கும், கம்பி சூடேறும். இதைத் தடுக்க 'ஸ்டார் டெல்டா' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மோட்டாரின் உள்ளே மூன்று சுருள்கள் உண்டு. தொடக்கத்தில் அவற்றை நட்சத்திர வடிவில் இணைத்தால், கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து விடும். வேகம் பிடித்த சில விநாடிகளில் முக்கோண வடிவுக்கு மாற்றி முழுப் பலத்தில் ஓட விடுவார்கள். மாட்டு வண்டியைக் கிளப்பும்போது மாட்டை அடித்து விரட்டாமல் மெல்ல நடக்க விட்டுப் பிறகு ஓட்டுவது போல.

மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்து போனால் மோட்டார் உறுமும். கவனியாமல் விட்டால் சுருள் கருகிப் புகையும். அந்த உறுமலைக் கேட்டவுடன் இன்னது கோளாறு என்று சொல்லத் தெரிந்தவன்தான் தொழிலாளி. இவ்வளவையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதி விட முடியாது. கையால் கட்டிப் பார்க்க வேண்டும், அவிழ்த்துப் பார்க்க வேண்டும், மறுபடியும் கட்ட வேண்டும். பட்டறை இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஸ்ரீ கெம்பாங்கானைப் பாருங்கள்!

'இதெல்லாம் நமக்கெதற்கு?' என்று கேட்கும் பெரியவர்கள் ஸ்ரீ கெம்பாங்கானை ஒரு முறை சுற்றிப் பார்க்கட்டும்.

அவசர காலத்தில் செர்டாங் பாரு என்ற பெயரில் வேலிக்குள் அமைந்த புதுக் கிராமம் அது. பக்கத்திலே உலகப் புகழ் பெற்ற சுங்கை பீசி ஈயச் சுரங்கம். அந்தப் பள்ளம் இன்று ஏரி. அதன் கரையில் கடைத்தொகுதியும் ஹோட்டலும். 1931-இல் செர்டாங்கில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. அடுத்த எல்லையில் புக்கிட் ஜாலில் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தேசிய அரங்கம் புக்கிட் ஜாலிலிலே எழுந்தது. அந்தத் தோட்டத்தில் மிச்சமிருந்த நம் குடும்பங்கள் 2011-இலும் தலைக்கு மேல் கூரை வேண்டுமென்று கோலாலம்பூர் மாநகர் மன்றத்தோடு போராட வேண்டியிருந்தது.

இன்னும் சிறிது தெற்கே போங்கள். பெராங் பெசார் தோட்டம்! முதல் உலகப் போர் முடிந்து வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் 1921-இல் தொடங்கி, அந்தப் போரையே பெயராக வைத்த தோட்டம். நாம் நிரையில் வெட்டும் பி.பி. 260, பி.பி. 28/59 மரங்களின் 'பி.பி.' என்ற எழுத்துகள் அந்தத் தோட்டத்தின் பெயரே. உலகத்துக்கு உயர்ந்த ரக மரத்தைக் கொடுத்த அந்த மண்ணில் இன்று ஒரு ரப்பர் மரத்தைத் தேட வேண்டும். 1990-களில் பெராங் பெசார், மேடிங்லி, காலோவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அங்கே வேர்வை சிந்தியவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள்.

2023 மார்ச் 16-இல் புத்ராஜெயா எம்.ஆர்.டி. இரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தை ஊடுருவிக் கொண்டு, பழைய தோட்ட மண்ணில் போய் முடிகிறது அந்தப் பாதை. அந்த இரயிலில் ஓட்டுநர் இல்லை. தானே வருகிறது, தானே நிற்கிறது, தானே கதவைத் திறக்கிறது. 'பார்த்தீர்களா, மனிதனுக்கு வேலையே இல்லை' என்று ஏங்குகிறோம். ஏங்க வேண்டாம்! அந்தக் கதவை இழுக்கும் மோட்டாரைச் சரி பார்ப்பவன் மனிதன். மேலேறும் நகரும் படிக்கு எண்ணெய் போட்டுச் சங்கிலியை இறுக்குகிறவன் மனிதன். மின்தூக்கி நடுவில் நின்று விட்டால் ஓடி வருகிறவன் மனிதன். அவன் யாருடைய பிள்ளை என்பதே கேள்வி. மண் நம்முடைய வேர்வையில் விளைந்தது. அந்த மண்ணின் மேல் ஓடும் இயந்திரத்தைத் தொடும் கையாவது நம்முடையதாக இருக்க வேண்டாமா?

பக்கத்தில் பாலாக்கோங். தொழிற்சாலைக்கு மேல் தொழிற்சாலை. ஒவ்வொன்றிலும் பம்பு, அமுக்கி, ஓடும் பட்டை, குளிர்சாதனம். நம் பிள்ளைகளோ அந்தத் தொழிற்சாலைகளின் வாசலில் காவல்காரச் சட்டை போட்டு நிற்கிறார்கள். இல்லையேல் மோட்டார் சைக்கிளில் பொட்டலம் சுமக்கிறார்கள். எந்த வேலையும் இழிவன்று. சங்கத்துக்காரர்களாகிய நாம் அதை நன்கறிவோம். ஆனால் வாசலோடு நிற்பதே நம் தலையெழுத்து என்று எழுதியவன் யார்?

எழுதப்பட்ட வரலாறு உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். வைத்தார்கள். எழுத்துக் கூட்டவும் கணக்குப் போடவும் சொல்லிக் கொடுத்து, அதோடு கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன்பே, 1906-இல், கோலாலம்பூரில் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி இருந்தது. அதுவே பிற்காலத்தில் டெக்னிக்கல் காலேஜாகிப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. ஆனால் அது இங்கிலீஷ் படித்தவனுக்கான படிக்கட்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து அந்தப் படிக்கட்டுக்குப் பாலம் போடவில்லை. ஆலையில் எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அந்த எஞ்சினைத் திறந்து காட்ட ஆளில்லை. செந்தூல் இரயில் பட்டறையில் நம்மவர்கள் எத்தனையோ பேர் கண்ணால் பார்த்தே கற்றுக் கொண்டார்கள். கற்றதற்குக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை.

எண்ணெய்க் கை என்ன கேவலம்?

முதலாளியைக் குறை சொல்லி விட்டு நம் வீட்டுக் குறையை மறைப்பது நேர்மையாகாது. நம்மிடையே, முக்கியமாகக் கிராணி வர்க்கத்தாராகிய எங்களிடையே, ஒரு நோய் உண்டு. டாக்டர், வக்கீல் என்றால் படிப்பு; திருப்புளி பிடித்தால் மக்குப் பிள்ளை. 'எஸ்.பி.எம்.-இல் தேறாதவனைத்தான் பட்டறைக்கு அனுப்புவார்கள்' என்று பேசுகிறோம். இந்தப் பேச்சே ஏஜெண்டுக்கு மூலதனம்! கைத்தொழில் என்று சொன்னால் நாம் முகஞ்சுளிப்போம் என்பதை அவன் அறிந்து வைத்திருக்கிறான். அதனால்தான் அதே கைத்தொழிலுக்கு 'என்ஜினியரிங்' என்று பட்டுச் சட்டை போட்டு, விலையை ஏற்றி விற்கிறான்.

மைக்கேல் ஃபாரடே யார்? இங்கிலாந்தில் ஒரு கொல்லனுடைய மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே கற்றவர். 1821-இல் மின்சாரத்தால் கம்பியைச் சுழலச் செய்தார். 1831-இல் காந்தத்தால் மின்சாரத்தைப் பிறப்பித்தார். இன்று உலகத்தில் ஓடும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் பாட்டன் அந்தக் கொல்லன் மகன்தான்.

அந்நியரை விடுங்கள், நம் இனத்தவரையே பாருங்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றவர். பிற்பாடு பஸ் கம்பெனி நடத்தினார். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் இந்தியாவிலேயே செய்த மின் மோட்டாரை வெளிக்கொண்டு வந்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாயிருந்து, கல்லூரிக்குத் தலைமையும் ஏற்றார். அங்கேயும் சும்மா இருந்தாரா? பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார், சர்க்கார் ஒப்பவில்லை, பதவியை விட்டு விலகினார். அவர் கணக்கு சரியா தவறா என்பது இருக்கட்டும். பட்டறையில் கழியாத காலம் படிப்பாகாது என்று அவர் அன்று எழுப்பிய குரல் இன்றைக்கும் நம் காதில் விழ வேண்டும்.

இன்னொன்று. பால் மரம் வெட்டுகிறவன் கை சாதாரணக் கையா? ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் இல்லை. ஆழம் மிகுந்தால் உள்ளே இருக்கும் உயிர்த் தோல் கிழிந்து மரம் புண்ணாகும். விடியற்கால இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கணக்குத் தப்பாமல் வெட்டுகிறோம். இப்படிப்பட்ட கைக்குப் பிறந்த பிள்ளைக்கு நுட்ப வேலை வராது என்பவன் பால் வெட்டைப் பார்த்ததே இல்லை. அதே கணக்கைப் பெண்களும் சம அளவில் செய்து வந்திருக்கிறார்கள். ஆகவே மகனுக்கு மட்டும் இந்தப் படிப்பு, மகளுக்குத் தட்டச்சு என்று பிரிக்க வேண்டாம். உளி பிடித்த தாயின் மகளுக்குத் திருப்புளி பாரமாகாது.

காகிதத்தின் எடை

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். எல்லாத் தனியார் கல்லூரிகளும் ஏமாற்றுக் கூடங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகப் பட்டறை வைத்து ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நம் கேள்விகளால் கெடுதல் இல்லை, பெருமைதான் கூடும். மற்றவர்களுக்கோ கேள்வியே எமன்.

முதலில் 'என்ஜினியர்' என்ற சொல். 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பட்டம் படித்துப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து கொண்டவர்தான் இந்நாட்டில் பொறியாளர். ஒன்றரை வருஷச் சான்றிதழ்ப் படிப்பு எவனையும் பொறியாளர் ஆக்காது. நல்ல தொழில்நுட்பத் தொழிலாளியாக ஆக்கலாம். அது ஒன்றும் குறைவான பதவியன்று. தொழில்நுட்பர்களுக்கென்றே 2015-இல் தனிச் சட்டமும் வாரியமும் வந்திருக்கின்றன. உண்மையைச் சொல்லி விற்றால் என்ன? உண்மைக்கு விலை குறைவு என்பதால்தானே சொல்வதில்லை?

இரண்டாவது, சான்றிதழ். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், திறன் மேம்பாட்டு இலாகா ஐந்து நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் மூன்று நிலைகள் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். நான்காவது திறன் டிப்ளோமா. ஐந்தாவது உயர்நிலைத் திறன் டிப்ளோமா. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கீகாரம் கல்லூரியின் பெயர்ப்பலகைக்குக் கொடுப்பதன்று. ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு நிலைக்கும், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பது. சமையல் கலைக்கு அங்கீகாரம் வைத்துக் கொண்டு மின் இயந்திரத்துக்கு ஆள் சேர்த்தால் அந்த அங்கீகாரம் உனக்கு உதவாது. இரண்டாம் நிலைக்கு அங்கீகாரம் வைத்துக் கொண்டு மூன்றாம் நிலையை வாக்களித்தாலும் அப்படியே.

மூன்றாவது, மின்சாரத்தைத் தொடும் உரிமை. கல்லூரிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் ஒரு கட்டடத்தின் மின் அமைப்பைப் பொறுப்பேற்று நடத்த முடியாது. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு விதிகளும் தகுதி பெற்ற ஆளையே கேட்கின்றன. எரிசக்தி ஆணையம் கொடுக்கும் வயர்மேன் சான்று, சார்ஜ்மேன் சான்று ஆகியவையே அந்தத் தகுதி. சார்ஜ்மேன் சான்றிலும் ஏ0, ஏ4, பி0 என்று வகைகள் உண்டு. எந்த அளவு மின்னழுத்தம், என்ன வகை அமைப்பு என்பதைப் பொறுத்தது. தொழிற்சாலை முதலாளி தேடுவது இந்தச் சான்று வைத்திருப்பவனை. ஏஜெண்டின் வண்ணத் தாளில் இந்தச் சான்றைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்!

நான்காவது, கடன். திறன் மேம்பாட்டு நிதிக் கழகமாகிய பி.டி.பி.கே. திறன் பயிற்சிக்குக் கடன் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'இலவசம்' என்று ஏஜெண்டு சொல்லும்போது அவன் மறைப்பது இதை: கட்டணப் பணம் போய்ச் சேருவது கல்லூரிக்கு, கடன் நிற்பது மாணவன் பெயரில். பாதியில் நின்றாலும் கடன் பாதியில் நிற்பதில்லை. கொடுத்ததாகச் சொல்லும் மடிக்கணினியின் விலையும் எங்கோ ஒரு வரியில் ஏறியிருக்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் போக, பல்லாயிரம் வெள்ளிக் கடனை எப்படி அடைப்பது? கடனில்லாமல் படிக்க வைக்கப் பார்க்கும் தகப்பனோ தன் சேமநிதியில் கை வைக்கிறான். முதுமைக்கு வைத்த பிடி சோற்றை இன்றைக்கே உலையில் போடுகிறோம். போடலாம், பிள்ளைக்குத்தானே? ஆனால் அந்த உலையில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஐந்து கேள்விகள்

கையெழுத்துக்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். வாய்ப் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று: இந்தப் படிப்புக்கு, இந்த நிலைக்கு, அங்கீகாரக் கடிதம் எங்கே? அது எந்தத் தேதி வரை செல்லும்? என் பிள்ளை படித்து முடிக்கும் நாள் வரை செல்லுமா? டிப்ளோமா என்றால் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா?

இரண்டு: படிப்பு முடிவில் கையில் கிடைப்பது யாருடைய சான்றிதழ்? அரசாங்கத்தினுடையதா, கல்லூரி தானே அச்சடித்ததா?

மூன்று: முதல் நாள் முதல் கடைசி நாள் வரை மொத்தச் செலவு எவ்வளவு? அதில் கடன் எவ்வளவு? மாதம் எவ்வளவு, எத்தனை வருஷம் கட்ட வேண்டும்? பிள்ளை நோயிலோ குடும்பக் கஷ்டத்திலோ இடையில் நின்றால் என்ன ஆகும்?

நான்கு: பட்டறை எங்கே? வேலை நாளில் வந்து பார்க்கலாமா? ஒரு மோட்டாருக்கு எத்தனை மாணவர்? நாங்கள் அறிந்த ஓர் இடத்தில் மோட்டார் ஒன்று, அதைச் சுற்றி நின்றவர்கள் முப்பது பேர். தொட்டவர்கள் முன் வரிசையில் நின்ற மூவர்; மற்றவர்கள் முதுகைப் பார்த்தே தேறினார்கள்!

ஐந்து: தொழிற்சாலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள்? வயர்மேன், சார்ஜ்மேன் சான்றுக்கு இங்கிருந்து வழி உண்டா? போன வருஷம் முடித்தவர்களில் நாலு பேரோடு நாங்கள் பேசலாமா?

இந்த ஐந்துக்கும் முகம் மலர்ந்து பதில் சொல்லும் கல்லூரியில் பிள்ளையைச் சேருங்கள். 'இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இடம்' என்று அவசரப்படுத்தும் இடத்தில் எழுந்து வந்து விடுங்கள். அவசரம் அவனுக்கு, வாழ்க்கை நமக்கு.

அதற்கும் முன்னே அரசாங்கக் கதவுகளைத் தட்டிப் பார்த்தோமா? கூச்சாய் லாமாவில் கோலாலம்பூர் தொழிற்பயிற்சிக் கழகம் 1964 முதல் இருக்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து எட்டும் தூரம். உலு லங்காட் டூசுன் துவாவில் இளைஞர் திறன் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1969-இல் ஈப்போவில் தொடங்கிய போலிடெக்னிக் வரிசை இன்று ஷா ஆலாம் வரை வந்திருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று கிறிஸ்தவச் சகோதரர்கள் 1959-இல் தொடங்கிய மொன்போர்ட் பாய்ஸ் டவுன், ஷா ஆலாமில் இன மத பேதமின்றித் தொழில் கற்பிக்கிறது. இவற்றின் கட்டணத்தைத் தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே வேண்டாம். 'நமக்கெங்கே இடம் கிடைக்கும்' என்கிறோம். விண்ணப்பித்துக் கிடைக்காதவர் எத்தனை பேர்? விண்ணப்பத் தேதி போன பிறகு விஷயம் தெரிந்தவர் எத்தனை பேர்? ஏஜெண்டு வீடு தேடி வருகிறான்; அரசாங்கம் வருவதில்லை. நாம்தான் போக வேண்டும். இடம் மறுக்கப்பட்டால், அப்போது கேட்க நமக்கு வாய் இருக்கிறது; சங்கமும் இருக்கிறது.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

'உள்ளூரில் திறமையான ஆள் கிடைப்பதில்லை' என்பது முதலாளிமாரின் பழைய பல்லவி. ஐயா, ஆள் மரத்திலே காய்ப்பதில்லை. பயிற்சி கொடுத்தால் உண்டாகிறான். 2001-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியரை வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பயிற்சி வரி செலுத்த வேண்டும். அது நம் சம்பளத்திலிருந்து பிடிப்பதன்று, முதலாளி கட்டுவது. 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் இதற்குள் வந்து விட்டது. அந்தப் பணம் யாருடைய பயிற்சிக்குச் செலவாகிறது? ஹோட்டல் மண்டபத்தில் அதிகாரிகளுக்கு நடக்கும் சொற்பொழிவுக்கா? ஆலையில் உருளையருகே நிற்கும் தொழிலாளிக்கா? கணக்கைக் காட்டச் சொல்லுவோம். கணக்குப் பார்ப்பது கிராணிமாருக்குப் புதிய வேலையா என்ன?

2005 முதல் நடைமுறையில் உள்ள தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், பயிலுகிறவன் தன் காலத்தில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கைத் தொழிற்சாலையிலும் மிச்சத்தைப் பயிற்சிக் கூடத்திலும் கழிக்கிறான். ஜெர்மனியில் நெடுங்காலமாகத் தழைத்து வரும் முறையைப் பார்த்து அமைத்தது இது. படிப்புக்காகக் கடன்படுவதற்குப் பதில் படிக்கும்போதே உதவித்தொகை பெறும் வழி. நம் ஆலைகளும் நம் வட்டாரத் தொழிற்சாலைகளும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை இப்படி ஏற்றால் ஏஜெண்டின் மேசைக்குக் கூட்டம் கூடுமா?

இருபது வருஷமாக ஆலை எஞ்சினை ஓட்டிக் கொண்டு, ஒரு காகிதமும் இல்லாமல் இருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு சேதி. வகுப்பில் உட்காராமலே, செய்து வந்த வேலையை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் தேறினால், அதே எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம். முன் அனுபவ அங்கீகாரம் என்று அதற்குப் பெயர். கையிலிருக்கும் தொழிலுக்குக் காகிதம் வாங்கிக் கொள்ளுங்கள். தோட்டம் நாளை விற்கப்பட்டால் மரம் துரைக்குப் போகும். வீடு கம்பெனிக்குப் போகும். அந்தக் காகிதம் உங்களோடு வரும்.

நாம் செய்ய வேண்டியது

கிளைச் சங்கங்களே! அடுத்த கூட்டத்தில் சம்பளத்தையும் போனஸையும் பேசும்போது இதையும் பேசுங்கள். ஒவ்வொரு கிளையிலும் விஷயம் தெரிந்த இரண்டு பேரை, முடிந்தால் ஒரு கிராணியையும் ஒரு பெண் தொழிலாளியையும், கல்விப் பொறுப்புக்கு நியமியுங்கள். எஸ்.பி.எம். முடிவுக்கு முன்பே அரசாங்கக் கழகங்களின் விண்ணப்பத் தேதிகளை ஆலைச் சுவரிலும் பெரட்டுக் களத்திலும் ஒட்டுங்கள். எந்தக் கல்லூரிப் பாரமும் அந்த இரண்டு பேர் கண்ணில் படாமல் கையெழுத்தாகக் கூடாது. பயிற்சி வரியைப் பற்றியும் இரட்டைப் பயிற்சியைப் பற்றியும் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கை ஏறட்டும்.

1960-இல் தோட்டத் துண்டாடலால் வீடும் வேலையும் போய்க் கலங்கி நின்ற காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, மரம் வெட்டியவர்களே தோட்டம் வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது. பத்து வெள்ளிக்காரர்கள் தோட்டம் வாங்க முடியும் என்று அன்று எவன் நம்பினான்? அன்று நிலத்தை இழக்காதிருக்க ஒன்று கூடினோம். இன்று நம் பிள்ளைகளின் கைத்திறன் கடனுக்கு அடகு போகாதிருக்க ஒன்று கூட வேண்டாமா?

படிப்பை எதிர்க்கிறவர்கள் அல்ல நாம். படிப்பை மலிவான ஆசையாகவும் விலையுயர்ந்த கடனாகவும் மாற்றுகிறவர்களை எதிர்க்கிறோம். ஏஜெண்டின் பேனாவை வாங்குமுன் அவனிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்.